நோட்ஸ் தராதவன்

1

இந்த ஊர்த் தமிழர்களிடையே எனக்குக் கஞ்சன் என்று பெயர். காசு விஷயத்தில் இல்லை. பொங்கல் விழா, கிறிஸ்துமஸ் விழா, எந்த வசூலுக்கு வந்தாலும் கேட்டதைக் கொடுத்துவிடுகிறேன். நோட்ஸ் விஷயத்தில்தான் இந்தப் பெயர். வெளிநாட்டில் மருந்தியல் படித்தவர்கள் கனடாவில் மருந்துக்கடையில் நிற்பதற்கு ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டும். அதில் நான் மூன்றாவது முறையில் தேறினேன். தேறியவன் தன் நோட்ஸை அடுத்தவனுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது இங்கே எழுதப்படாத சட்டம். நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

போன மாதத்தோடு டொராண்டோவுக்கு வந்து பத்து வருடம் ஆகிறது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு, புதிதாக வந்தவர்களுக்கான ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஒன்றில் என்னைப் பேசச் சொன்னார்கள். ஏற்பாடு செய்தவர் மோகன். இந்த வட்டாரத்தில் விசா, வீட்டுக் கடன், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வாகன ஓட்டுநர் உரிமம் என்று எதற்கும் ஆலோசனை சொல்லக்கூடிய மனிதர். மருந்தாளுநர் தேர்வைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். எழுதியதில்லை.

எனக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். நான் எழுந்து நின்று, "ஒரு புத்தகம் வாங்குங்கள், அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படியுங்கள், வேறு எதையும் தொடாதீர்கள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கூட்டத்தில் ஒருவர்கூடக் குறிப்பெடுக்கவில்லை. அடுத்துப் பேசிய மோகன் வழக்கம்போல் முப்பது இணையதளங்களின் பெயர்களைச் சொன்னார். எல்லோரும் விழுந்து விழுந்து எழுதிக்கொண்டார்கள். முடிந்து வெளியே வரும்போது நாலைந்து பேர் என்னை மடக்கினார்கள்.

"சார், உங்க நோட்ஸ மட்டும் மெயில்ல அனுப்பிடுங்க."

"என்னிடம் நோட்ஸ் இல்லை."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பொய் சொல்கிறான் என்கிற சிரிப்பு. இவர்களிடம் சொல்லிப் பயன் இல்லை. ஊரில் இருக்கும் உங்களிடமாவது, அந்த நோட்ஸ் எல்லாம் எங்கே போயின என்று சொல்லி வைக்கிறேன்.

2

என் பெயர் அருள்ராஜ். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு அருகே ஒரு சந்தில் எனக்கு ஒரு மெடிக்கல் இருந்தது. மருந்துக்கடை என்று நம் ஊரில் யாரும் சொல்வதில்லை, மெடிக்கல்தான். கல்யாணமாகி, மகள் ஜெனி பிறந்து, அவளுக்கு இரண்டு வயதானபோது வெளிநாட்டு ஆசை பிடித்தது. என்னிடம் வேலை பார்த்த பாண்டிக்கே கடையைக் கொடுத்துவிட்டு, மனைவி ஸ்டெல்லாவையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு தொண்ணூற்றேழில் இங்கே வந்து இறங்கினேன்.

முதல் வாரத்தில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஒரு அம்மாள், இதற்கு முன் என்ன செய்தாய் என்று கேட்டார். 'எனக்கு ஒன்பது வருடம் மெடிக்கல் இருந்தது' என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மிகுந்த கரிசனத்தோடு, இப்போது பூரணமாகக் குணமாகிவிட்டதா என்று கேட்டார். ஒன்பது வருடம் எனக்கு ஏதோ வியாதி என்று நினைத்திருக்கிறார். குணமாகிவிட்டது என்றேன். ரொட்டித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது.

அந்தக் காலத்தில் ஊர்ச் செய்தி என்பது, யாராவது விமானத்தில் கொண்டுவரும் ஒரு தமிழ் வாரப் பத்திரிகை. ஒரு மாதப் பழசு. ஐந்து குடும்பங்கள் சுற்றில் விட்டுப் படிப்போம். மணமகள் தேவை விளம்பரம்வரை படித்து முடித்துவிட்டு, ஒருவருக்கொருவர் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்போம். பற்றாக்குறை என்று புலம்பிக்கொண்டுதான் இருந்தோம். பிறகு கம்ப்யூட்டர் வந்தது, வீட்டுக்கு இணைய வசதி வந்தது. எங்கள் பற்றாக்குறை தீர்ந்தது. அத்தோடு எங்கள் மூளையும் தீர்ந்தது.

உதாரணத்துக்கு என் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரிச் சான்றிதழில் அ. அருள்ராஜ். பாஸ்போர்ட்டில் அந்தோணி அருள்ராஜ். இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கும்படி தேர்வு வாரியம் எழுதியிருந்தது. அதை எப்படிச் செய்வது என்று அந்தக் கடிதத்திலேயே ஒரு வரியில் போட்டிருந்தார்கள். அந்த ஒரு வரியைப் படித்து நடந்திருந்தால் ஒரு வாரத்தில் வேலை முடிந்திருக்கும். நான் என்ன செய்தேன்? இணையத்தில் வெளிநாட்டு மருந்தாளுநர்களுக்கென்று ஒரு மின்னஞ்சல் குழுமம் இருந்தது. அதில் கேட்டேன். ஹைதராபாத்காரர் ஒரு வழி சொன்னார், கெய்ரோக்காரர் ஒரு வழி சொன்னார், மணிலாக்காரர் இரண்டு பேரும் தவறு என்றார். மோகனைக் கேட்டேன், அவர் மூன்று வழி சொன்னார். எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா வழியிலும் ஒவ்வொரு பிரமாணப் பத்திரம் தயாரித்து, ஒரே உறையில் திணித்து அனுப்பினேன். ஒன்றில் நான் அந்தோணியின் மகன், இன்னொன்றில் நானே அந்தோணி. இரண்டு மாதம் கழித்து எல்லாம் திரும்பி வந்தன. இவற்றில் எதை நம்ப வேண்டும் என்று தெரிவிக்கவும் என்று ஒரு குறிப்பு.

அதிலாவது புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

3

தேர்வுக்குத் தயார் செய்வது என்றால் படிப்பது என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இங்கே அதற்கு வேறு பொருள். தேறியவர்களிடம் நோட்ஸ் கேட்பது, தேறாதவர்களிடமும் கேட்பது, இணையத்திலிருந்து இறக்கி அச்சடிப்பது, யாரோ பதிவு செய்த வகுப்புகளின் கேசட்டுகளைப் பிரதி எடுப்பது. இதெல்லாம்தான் தயாரிப்பு. ரொட்டித் தொழிற்சாலையில் காலி அட்டைப் பெட்டிகள் இலவசமாகக் கிடைக்கும். தினம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவேன். படுக்கையறைச் சுவரே தெரியாத அளவுக்குப் பெட்டிகள் அடுக்கியாயிற்று.

இதில் ஒரு போதை இருக்கிறது. ஒரு கட்டு நோட்ஸை வாங்கிப் பெட்டியில் போட்டு மேலே தலைப்பு எழுதி ஒட்டியதும், அதைப் படித்து முடித்துவிட்டது போன்ற ஒரு நிறைவு வந்துவிடும். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கலாம். மறுநாள் காலையில் குழுமத்தில் புதிதாக யாராவது, போன தேர்வில் இப்படிக் கேட்டார்கள், அப்படிக் கேட்டார்கள் என்று எழுதியிருப்பார். பதறிப்போய் அதையும் அச்சடிப்பேன். தெரிந்துகொள்வது என்பது தள்ளிப்போடுவதற்கு மரியாதையான பெயர். அந்த மரியாதையை நான் சில வருடம் அனுபவித்தேன்.

முதல் தேர்வில் தோற்றேன். படிப்பு போதவில்லை என்று பெட்டிகளைக் கூட்டினேன். இரண்டாவது தேர்வு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. இரத்தம் உறையாமல் காக்கும் ஒரு மருந்தைப் பற்றிய கேள்வி. அந்த மாத்திரையைத் திண்டுக்கல்லில் எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதன் பெயரைக் கண்டதும் மருந்து நினைவுக்கு வரவில்லை. மோகன் இது வராது என்று சொன்னது நினைவுக்கு வந்தது. கெய்ரோக்காரர் கட்டாயம் வரும் என்று எழுதியது நினைவுக்கு வந்தது. அது எந்தப் பெட்டியில், எந்த நிறக் காகிதத்தில் இருக்கிறது என்பதுகூட வந்தது. விடை மட்டும் வரவில்லை. தலைக்குள் சந்தைக்கடை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் விடிகாலையில் ஏலம் விடும் இடத்தின் நடுவில் நின்றுகொண்டு ஜெபம் சொல்ல முயல்கிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

தோல்விக் கடிதம் வந்த அன்று ஸ்டெல்லா திட்டவில்லை. அவள் பழநிக்குப் பக்கத்தில் ஆயக்குடிக்காரி, அவள் அப்பாவுக்குக் கொய்யாத் தோப்பு. கொங்குப் பேச்சு. குரலை உயர்த்தாமல் ஆளைக் கிழித்துவிடுவாள். முதியோர் இல்லத்தில் வேலை முடித்துவிட்டு வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் கடிதத்தைப் படித்தாள்.

"ஏனுங்க, நா ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு."

"நீங்க படிக்கறீங்களா, சேத்து வெக்கறீங்களா?"

அந்தத் தேர்வை மூன்று முறைதான் எழுத விடுவார்கள், அதற்கு மேல் தனி அனுமதி வேண்டும். மூன்றாவது முறையும் தோற்றால் கதவு அநேகமாக மூடியது மாதிரிதான். பிறகு ஆயுளுக்கும் ரொட்டிதான்.

ஜெனிக்கு அப்போது எட்டு வயது. பெட்டிகள் அடுக்கிய அந்த அறைக்குள் அவள் வருவதை எப்போது நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியாது. ஆரம்பத்தில் வந்து நிற்பாள், நான் திரையைப் பார்த்தபடியே, "அப்பா படிக்கிறேன்டா" என்பேன். பிறகு கதவருகே நின்று ஆங்கிலத்தில் ஏதோ கேட்டுவிட்டுப் போவாள். பிறகு ஏதாவது கையெழுத்து வேண்டுமென்றால் கதவுக்கு அடியில் காகிதத்தைத் தள்ளிவிடுவாள். அதில் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தள்ளிவிடுவேன். எதில் கையெழுத்துப் போட்டேன் என்று படித்ததில்லை. உலகத்தில் உள்ள மற்ற எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தேன்.

4

"ஊருக்குப் போயி மூணு மாசம் உக்காந்து படிச்சுட்டு வாங்க. இங்க இருந்தா உருப்பட மாட்டீங்க" என்று ஸ்டெல்லாதான் அனுப்பி வைத்தாள். எனக்கும் அது பிடித்திருந்தது. திண்டுக்கல்லில் அண்ணன் சவரிமுத்து வீடு. அமைதி. இணையம் கிடையாது. மோகன் கிடையாது. ஒரு பெட்டி நிறைய முக்கியமான நோட்ஸை மட்டும் பொறுக்கிச் சூட்கேஸில் அடுக்கினேன். அது இரண்டாயிரத்து மூன்று.

அண்ணன் வீட்டில் சூட்கேஸைத் திறந்தபோது நோட்ஸைக் காணோம். அந்த இடத்தில் சாக்லேட் பொட்டலங்களும், பாதாம் பருப்பும், அண்ணிக்கு ஒரு ஸ்வெட்டரும் இருந்தன. அடியில் ஒரே ஒரு பாடப்புத்தகம். ஐ.எஸ்.டி. பூத்துக்கு ஓடினேன்.

"ஸ்டெல்லா, என் நோட்ஸ் எங்க?"

"எடை அதிகமாப் போச்சுங்க. எதையாச்சும் எடுக்கணும்ல? சாக்லேட்ட எடுத்தா உங்க அண்ணன் கொளந்தைங்களுக்கு ஏமாத்தமா இருக்கும்."

"பரீட்சை எனக்கா, அதுகளுக்கா?"

"பொஸ்தகம் ஒண்ணு வெச்சிருக்கறனுங்களே. அதப் படிங்க. காசு ஏறுது, வெச்சிர்றேன்."

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. ஆனாலும் ஊரின் அமைதி இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஊரின் அமைதியைக் கண்டுபிடித்தவன் யார் என்று எனக்குத் தெரிய வேண்டும். அவனைக் கொண்டுவந்து எங்கள் அண்ணன் வீட்டில் ஒரு வாரம் உட்கார வைக்க வேண்டும். அண்ணன் ஓய்வு பெற்ற வாத்தியார். காலையில் இரண்டு தினசரி, சாயங்காலம் ஒரு மாலைப் பத்திரிகை. கேபிளில் ஐம்பது சேனல். ஒரு சேனலில் செய்தி முடிந்ததும் அதே செய்தியை அடுத்த சேனலில் பார்ப்பார். கட்சிக்கு ஒரு சேனல், ஒன்றில் செத்தவன் இன்னொன்றில் பிழைத்திருப்பான். எது உண்மை என்று முடிவு செய்ய மூன்றாவதைப் பார்ப்பார். புதிதாக செல்போன் வேறு. அதில் வரும் விளம்பரச் செய்திகளைக்கூட எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படிப்பார்.

நான் புத்தகத்தைத் திறந்தால் கூடத்திலிருந்து குரல் வரும்.

"ஏலே அருளு, கனடாவுல பனி அம்புட்டு ஒசரத்துக்குப் பேஞ்சிருக்காம்ல? இங்க காட்டுறான் பாரு."

"நான் அங்க இருந்துதானண்ணே வாரேன்."

"நீ இருந்து என்னத்தப் பாத்த. வந்து டிவில பாரு."

தெருவில் இறங்கினால் பூப்புனித நீராட்டு விழாவுக்குக் கட்டடம் உயரத்துக்குப் பேனர். அதில் அந்தப் பெண்ணின் சித்தப்பாவின் நண்பர்களுடைய படம்வரை போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கி எல்லா மதத்துக்கும் பொது. வருகிற உறவினர் எல்லோரும் வெளிநாட்டைப் பற்றி என்னிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் அவர்களே பதில் சொன்னார்கள். தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்திருந்தார்கள்.

பத்து நாளில் சேவுகம்பட்டிக்கு ஓடினேன். அங்கே பெரியப்பா மகன் சேசுவுக்குத் தென்னந்தோப்பும் தக்காளித் தோட்டமும் இருந்தன. மோட்டார் அறையில் கட்டில் போட்டுக் கொடுத்தான். முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது, நான் வந்து சேர்ந்தது தொலைபேசி நிலையத்துக்கு என்று. ஊரிலேயே சிக்னல் நன்றாகக் கிடைப்பது அந்த மோட்டார் அறைப் பக்கம்தான். சேசு விடிவதற்கு முன் அங்கே வந்து நின்று, ஒட்டன்சத்திரத்துக்குப் போன் போட்டுத் தக்காளி விலை கேட்பான். ஒரு கமிஷன் கடைக்காரர் ஒரு விலை சொல்வார். சந்தேகத்துக்கு இன்னொருவர். அப்புறம் வத்தலக்குண்டு, அப்புறம் மதுரை. நாலு விலையையும் மனக்கணக்குப் போட்டுப் பார்ப்பான்.

"இன்னும் ஒருத்தரக் கேட்டுட்டா தெளிவாயிரும்" என்றான் ஒரு நாள். கேட்டான். தெளிவானான். அதற்குள் லாரி போய்விட்டது. பறித்து வைத்த கூடைகளின் முன்னால் அவன் நின்ற கோலத்தில் என்னையே பார்த்தேன். ஆனாலும் அவனை ஏளனமாக நினைப்பது சுலபமாக இருந்ததால் அதையே செய்தேன். அன்று மாலை திண்டுக்கல்லுக்குத் திரும்பிவிட்டேன்.

5

அமைதி எங்கேயும் இல்லை என்று ஆனபின், புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாண்டியின் கடைக்குப் போனேன். என் பழைய கடை. சும்மா பேசிவிட்டு வரலாம் என்றுதான். பஸ் ஸ்டாண்டின் ஆரவாரம் முழுவதும் அந்தச் சந்துக்குள்தான் வந்து மோதும். வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, பழநி என்று நடத்துனர்கள் கத்துவதும், ஏர் ஹாரனும், பக்கத்து கேசட் கடைப் பாட்டும்.

பாண்டிக்கு என்னைப் பார்த்ததில் சந்தோஷம். அதைவிட, கடையில் நிற்க ஆள் கிடைத்ததில் சந்தோஷம்.

"அண்ணே, செத்த நேரம் பாத்துக்கங்கண்ணே. பேங்க் வரைக்கும் போயிட்டு வாரேன்."

கடை அடைக்கும் நேரத்துக்குத்தான் வந்தான். மறுநாளும் அதே செத்த நேரம். பிறகு அது வழக்கமாகிவிட்டது.

ஒரு வாரம் கழிந்த பிறகுதான் கவனித்தேன். அவ்வளவு இரைச்சலுக்கு நடுவில் என் தலைக்குள் சத்தம் இல்லை. கல்லாவுக்கு எதிரே ஒருவர் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அவருக்கு வேண்டியது அந்தச் சீட்டில் இருப்பது மட்டும். அவர் குழந்தைக்குக் காய்ச்சல், அவர் ஊருக்குப் பஸ் பிடிக்க வேண்டும். அந்த மருந்து என்ன, எவ்வளவு, எதோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது, இவ்வளவுதான் அந்த நிமிடத்தில் உலகம். மோகன் என்ன சொன்னார் என்று யோசிக்க அங்கே நேரம் இல்லை. அவர் போனதும் அடுத்தவர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடை ஈயோட்டும். அப்போது காலையில் கொடுத்த மருந்துகளை ஒவ்வொன்றாகப் புத்தகத்தில் எடுத்துப் படிப்பேன். பக்கத்தைத் திறந்தால் வாங்கிக்கொண்டு போனவரின் முகம் தெரியும். முகத்தோடு சேர்த்துப் படித்தது மறக்கவில்லை.

மனதைத் தெளிவாக வைத்துக்கொள்ள இன்று ஆயிரம் வகுப்பு நடத்துகிறார்கள். மூச்சை இழு, கண்ணை மூடு, காட்டுக்குப் போ என்கிறார்கள். நானும் காட்டுக்குப் போய்ப் பார்த்தவன்தான். அங்கே தக்காளி விலைதான் கேட்டது. எனக்கு வேண்டியிருந்தது அமைதி இல்லை, எதிரே காத்துக்கொண்டு நிற்கும் ஒரு மனுஷர்.

6

ஒரு நாள் முற்பகலில் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். நிலக்கோட்டைப் பக்கம், மல்லிகைத் தோட்டம் போட்டிருக்கிறவர்கள். அந்த மனிதர் வந்ததும் கல்லாப் பலகையைப் பிடித்துக்கொண்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்கியது.

"தம்பி, இவுகளுக்கு ஒரு வாரமா மயக்கமா வருதாம். அதுக்கு ஒரு மாத்திரை குடுங்க" என்றார் அந்த அம்மாள்.

"வேற என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?"

"சக்கரைக்குத்தான்" என்று மஞ்சள் பையைப் பலகையில் கவிழ்த்தார்.

மூன்று டாக்டர்களின் சீட்டுகள். மூன்று வகை அட்டைகள். ஒன்று வெள்ளை, ஒன்று இளஞ்சிவப்பு, ஒன்று நீலம். பெயரும் மூன்று. அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும், அதைப் பார்த்தேன். மூன்றிலும் ஒன்றுதான். ஒரே மாத்திரையை அந்த மனிதர் வேளைக்கு மூன்று பங்கு விழுங்கிக்கொண்டிருந்தார். முதலில் டீக்கடையிலிருந்து சர்க்கரையை அள்ளிப் போட்டு ஒரு டீ வரவழைத்துக் குடிக்க வைத்தேன். கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. பிறகு மூன்று அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

"அண்ணே, இது மூணும் ஒரே மாத்திரை."

"பேரு வேறயால்ல இருக்கு?"

"பேரு மட்டுந்தான் வேற. கம்பெனிக்கு ஒரு பேரு வைப்பாங்க."

"கலரு?"

"கலரும் வேற. உள்ள இருக்கறது ஒண்ணுதான்."

அவருக்கு நம்பிக்கை இல்லை. "மூணு பேரும் படிச்சவுகதானே தம்பி. ஒருத்தர் மாத்திரை கேக்கலைன்னா இன்னொருத்தருது கேக்கும்னுதான் மூணு எடத்துல காமிச்சோம்."

"ஒவ்வொருத்தர்கிட்டயும் மத்தவங்க கொடுத்ததக் காட்டுனீங்களா?"

"காமிச்சா கோவிச்சுக்குவாகல்ல?"

"இன்னைக்கே யாராவது ஒருத்தர்கிட்ட போங்க. மூணையும் காட்டுங்க. அவர் சொல்றத மட்டும் சாப்பிடுங்க. இன்னும் ஒரு வாரம் இப்படியே போயிருந்தா ஆளையே கொண்டுபோயிருக்கும்."

அந்த அம்மாள் மூன்று அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கணவனிடம், "நாந்தான் மொதல்லயே சொன்னேன்ல, ஒரு டாக்டரோட நிறுத்திக்குவோம்னு" என்றார். அவர் டீ டம்ளருக்குள் பார்த்துக்கொண்டார். இருவரும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகும் ஆட்டோவில் ஏறுகிறவரை நின்று பார்த்தேன்.

அவர்கள் போன பிறகு நான் பலகையின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். ஹைதராபாத் நோட்ஸ், கெய்ரோ நோட்ஸ், மணிலா நோட்ஸ், மோகன் சொன்ன முப்பது இணையதளங்கள். எல்லாமே இந்த ஒரு புத்தகத்திலிருந்து எடுத்து, ஆளுக்கொரு பெயரும் நிறமும் கொடுத்ததுதான். ஒரே மாத்திரையை நாற்பது அட்டையில் வாங்கி இத்தனை வருடமும் விழுங்கியிருக்கிறேன். தலை சுற்றாமல் என்ன செய்யும்? அந்த விவசாயிக்குப் படிப்பில்லை என்று சொல்லலாம். மருந்தாளுநராகப் பட்டம் வாங்கிய எனக்கு என்ன சாக்கு?

பாண்டி வந்ததும் நேரே பூத்துக்குப் போனேன். டொராண்டோவில் ஸ்டெல்லா வேலைக்குக் கிளம்புகிற நேரம்.

"ஸ்டெல்லா, அந்தப் பெட்டிகளை எல்லாம் தூக்கிப் போட்டுடு."

குரலை உயர்த்திக் கத்தினேன்.

"கேக்குதா? ஒண்ணுகூட வேண்டாம். எல்லாத்தையும் போட்டுடு."

"நீங்க பிளேன் ஏறுன மறுவாரமே போட்டுட்டனுங்க. பழைய காயிதம் போடற நீலத் தொட்டியில நாலு வாட்டி போட்டேன். குப்பை லாரிக்காரன் என்னய ஒரு மாதிரிப் பாத்துட்டுப் போனான்."

"என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா, கொஞ்சம் இருக்கட்டும்பீங்க. இப்ப ரூமுல காத்து நல்லா வருதுங்க."

7

திரும்பி வந்து தேர்வு எழுதினேன். முன்பு போலக் கேள்விகள் கடினமாகத்தான் இருந்தன. ஆனால் ஒரு கேள்வியைப் படிக்கும்போது அந்தக் கேள்வி மட்டும் இருந்தது. தெரிந்ததை எழுதினேன், தெரியாததை விட்டேன். சில வாரங்களில் தேறிவிட்டதாகக் கடிதம் வந்தது.

அடுத்த நாலைந்து நாள் தொலைபேசி ஓயவில்லை. நோட்ஸ் கொடுத்த ஒவ்வொருவரும் தன் நோட்ஸால்தான் நான் தேறினேன் என்று என்னிடமே சொன்னார். மோகன் ஒரு படி மேலே போய், தன் முப்பது தளங்களில் எது மிகவும் பயன்பட்டது என்று கேட்டார், மற்றவர்களுக்குச் சொல்வதற்காக. எல்லாமே ஒரே அளவுக்குப் பயன்பட்டன என்றேன். அது சுத்தமான உண்மை. குழுமத்தில் என் பெயரைப் போட்டு வாழ்த்தினார்கள். கீழேயே மூன்று பேர் நோட்ஸ் கேட்டிருந்தார்கள். குழுமத்திலிருந்து விலகினேன். விலகுவதற்கு ஒரே ஒரு சொடுக்குத்தான். அது அத்தனை சுலபம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, எல்லாவற்றையும் சொன்ன அந்த மகானுபாவர்கள்.

வேலையில் சேர இன்னும் சில நாள் இருந்தது. ஒரு சனிக்கிழமை காலை. படிக்க ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டரைப் போடவில்லை, தொலைக்காட்சியைப் போடவில்லை. கூடத்தில் நாற்காலியில் சும்மா உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து இறங்கி வந்த ஜெனி, பாதிப் படியில் அப்படியே நின்றுவிட்டாள். என் கைகளைப் பார்த்தாள், மடியைப் பார்த்தாள். பிறகு மெதுவாக வந்து, தொடுவதற்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு கேட்டாள்.

"அப்பா, நீ சிக்கா?"

உடம்புக்கு ஒன்றுமில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். வா, வந்து உட்கார் என்றேன். அவள் நம்பவில்லை. அடுப்படிக்கு ஓடிப்போய் அவள் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.